லயிப்பு என்று சொன்னார்கள்

அந்தச் சொல்லை முதலில் சொன்னது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் மற்றவர்கள் மேல் எனக்கு வந்த கோபமெல்லாம் இந்த வாக்கியத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

கரமனையில் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பெண்கள் சேர்ந்து சகஸ்ரநாமம் படிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாமியின் கூடத்தில் நடக்கும். மாமி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது ஒரு எழுத்தை விழுங்கினால், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அது யார் என்று கண்டுபிடித்துவிடுவார். படிக்கிற பதினோரு பேரில் என் அம்மாவும் ஒருத்தி. அப்பா இருந்தவரை விளக்குக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் உட்கார்ந்தவள். அப்பா இறந்த பிறகு பின்னால் சுவரோரம் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. முன்னால் வா என்றும் யாரும் சொல்லவில்லை. படித்து முடித்து மஞ்சள் குங்குமத் தட்டு சுற்றி வரும்போது அம்மா குனிந்து புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டிருப்பாள். தட்டு அவளைத் தாண்டிப் போன பிறகுதான் பையின் வாயை மூடுவாள்.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்து வேலை. மற்ற நாட்களில் கழக்கூட்டத்தில் இருக்கிற அலுவலகத்துக்குப் போக வேண்டும். மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். மலையாளக் கர்க்கிடகத்தில், நம் ஆடியில், ஒரு வெள்ளிக்கிழமை மழை விடவே இல்லை. அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு போனவள், திரும்பி வராமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். படித்து முடித்துப் புத்தகங்களை மூடினார்கள். அம்மாவின் புத்தகம் மட்டும் மூடவில்லை. அது இரண்டு பக்கம் பின்னால் நின்றிருந்தது. அவள் கண் திறந்திருந்தது. விளக்கைப் பார்ப்பது போல் இருந்தாலும் பார்வை சுடருக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் புடவைத் தலைப்பை உருட்டிக்கொண்டே இருந்தன.

“என்னடி, உன் அம்மாவுக்குப் படிச்சு முடிஞ்சது தெரியலையா?” என்று மாமி கேட்டார்.

“லயிச்சுட்டா மாமி,” என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் அது அப்பாவைக் கேலி செய்கிற சொல். வானொலியில் நாகஸ்வரம் வந்துவிட்டால் அப்பாவுக்குக் காபி ஆறுவது தெரியாது. “லயிச்சாச்சு, இனிமே காபி எதுக்கு?” என்று அம்மா டம்ளரை எடுப்பாள். “ஏய், வை அங்கே,” என்று கண்ணைத் திறக்காமலே அப்பா கையை நீட்டுவார்.

மாமி சிரிக்கவில்லை. எழுந்து வந்து அம்மாவின் உதட்டைக் குனிந்து பார்த்தார். “எல்லாரும் பாருங்கோ. நாம நிறுத்திட்டோம், இவ நிறுத்தலை. உள்ளே சொல்லிண்டிருக்கா. விரல் மாலை உருட்டறது,” என்றார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா பெருமூச்சு விட்டுச் சுற்றிப் பார்த்தாள். பத்து பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பயந்துபோய்ப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவுக்கு மறுபடியும் அப்படி வந்தது. அடுத்த வாரமும் வந்தது. மூன்றாவது முறை மாமி அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி முதல் வரிசைக்குக் கூட்டிப் போனார். குங்குமத் தட்டு அவள் முன்னால் நின்றது. குங்குமம் கொடுக்கவில்லை, விளக்கின் அடியிலிருந்து ஒரு பிச்சிச் சரத்தை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். ஒருத்தர் நமஸ்காரம் செய்தார், பின்னாலேயே மற்றவர்களும். கோடி வீட்டு மருமகள் ஆறு மாதக் குழந்தையை அம்மாவின் மடியில் போட்டாள். அன்று திரும்பி வரும்போது தூறல் இருந்தது. அம்மா குடையை விரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கேட்காமலே அடை வார்த்தாள். அப்பா போன பிறகு அவள் அடை வார்த்தது அன்றுதான்.

“அப்போ உனக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்டேன்.

“வயத்துலேந்து ஏதோ ஒண்ணு மேல ஏறி வரும். நெஞ்சு வரைக்கும் தெரியும். அப்பறம் ஒண்ணுமே இல்லை. திரும்பி வந்தா எல்லாரும் இருக்கா,” என்றாள். கரண்டியைத் திருப்பிக்கொண்டே, “உங்கப்பா போனதுலேந்து அந்த ஒரு நிமிஷம்தான்டி எனக்கு எதுவும் தோணாம இருக்கு,” என்றாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது அதற்கும் பிறகுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அதே பார்வை வந்தது, அதே உதடு, அதே விரல். பாட்டும் இல்லை, விளக்கும் இல்லை. கீரைக்கட்டில் என்ன லயிப்பு? “அம்மா,” என்று கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். திரும்பி வந்ததும், “மணி என்ன?” என்றாள். சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள். அதன் பிறகும் ஒரு தடவை கேட்டாள்.

பயம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். அலுவலகத்தில் பழகிய பழக்கம். அன்று பஸ்ஸில் செல்போனில் எழுதினேன். லயித்திருக்கிறவர்கள் கூப்பிட்டால் திரும்புவார்கள், கொஞ்சம் எரிச்சலோடாவது. எதில் லயித்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எழுந்தால் களைப்பு இருக்காது. கீழே அம்மாவுக்கு நடப்பதை எழுதினேன். மூன்றுக்கும் எதிராக ‘இல்லை’ என்று வந்தது. அதோடு விடாமல் இந்தச் சொல்லை யார் யார் எதற்கெல்லாம் சொல்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டே போனேன். கச்சேரி கேட்கிறவர்களுக்குச் சொல்கிறார்கள். சன்னதியில் நிற்கிறவர்களுக்குச் சொல்கிறார்கள். வகுப்பில் ஜன்னலைப் பார்க்கிற பிள்ளைக்குச் சொல்வதில்லை, அது பராக்கு. என் அலுவலகத்தில் மலையாளத்தில், வேலையில் ‘முழுகி’ இருக்கிறாள் என்பார்கள். அகராதியையும் பார்த்தேன். லயத்துக்கு ஒன்றிப்போதல், ஒடுங்குதல், அழிதல் என்று போட்டிருந்தது. மூன்றும் ஒரே வரியில், நடுவில் காற்புள்ளி மட்டும்.

அலுவலகத்தில் வாரம் ஒருமுறை வருகிற டாக்டரிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, இது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம், கை கால் வெட்டி இழுக்காமலும் வரும், நரம்பு டாக்டரிடம் உடனே போங்கள், முடிந்தால் வரும்போது வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

அம்மா வர மறுத்தாள். முதல் தடவை சிரித்தாள். இரண்டாம் தடவை, “எனக்கு என்ன கேடு? பைத்தியம்னு எழுதித் தரச் சொல்லப் போறயா?” என்றாள். மூன்றாம் தடவை எழுந்து துணி உலர்த்தப் போய்விட்டாள்.

பிறகு கையைச் சுட்டுக்கொண்டாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது பால் பொங்கி அடுப்பில் வழிந்திருந்தது. அம்மா அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு பாத்திரத்தின் விளிம்பில் இருந்தது. எடுக்கவில்லை. நான் இழுத்து எடுத்தேன். தோல் வெண்மையாகி, பிறகு சிவந்து, சாயங்காலத்துக்குள் கொப்புளம் கட்டியது.

இனிமேல் யாருக்கும் சந்தேகம் இருக்காது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மாமி அம்மாவின் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

“பால் பொங்கினது தெரியலை. தீ சுட்டது தெரியலை. பின்னே இதுக்கு மேல என்ன வேணும்? நமக்கெல்லாம் கொசு கடிச்சாலே நாமம் மறந்து போறதாக்கும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் இருந்தன. நான் சுவரோரம், அவளுடைய பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. நான் கத்துகிறவள் இல்லை.

நவராத்திரி வந்தது. ஒன்பது நாளும் அம்மாதான் முதல் வரியைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று மாமி முடிவு செய்தார். காலை நாலு மணிக்கு எழுந்து குளியல், பகலெல்லாம் பாலும் பழமும் மட்டும். தூக்கம் குறைந்தால், பட்டினி கிடந்தால் இந்த வலிப்பு அதிகமாகும் என்று அதற்குள் நான் படித்திருந்தேன். வாரத்துக்கு ஒன்றாக இருந்தது நாளுக்கு ஒன்றாயிற்று. நாலாம் நாள் இரண்டு. நான் விடுப்பு எடுத்தேன். கேஸ் சிலிண்டரை மூடி ரெகுலேட்டரைக் கழற்றி என் அறையில் வைத்துக்கொண்டேன். அம்மா பிரதான சாலையில் காய்கறி வாங்கப் போனால் பத்தடி பின்னால் போனேன். ஒருமுறை நடுச்சாலையில் பஸ்ஸுக்கு எதிரே நின்றுவிட்டாள். கண்டக்டர் இறங்கி வந்து திட்டினார். நான் அவளை இடுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓரம் வந்தேன். அவளுக்கு அது எதுவும் தெரியாது. பையில் இருந்த வெண்டைக்காய் ஏன் சிதறியது என்று என்னைக் கேட்டாள்.

ஐந்தாம் நாள் வீடியோ எடுத்தேன். நாமம் படிக்கிற நேரத்தில் செல்போனை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு எடுத்தேன். ஒரு நிமிடம் நாற்பது வினாடி. அம்மாவின் முகத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்தது அதற்கு முன் ஒருமுறைதான், அப்பாவின் பிறந்தநாளில்.

பிழை கண்டால் அதற்கு உரியவரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருகிற விஷயம். அந்த வீடியோவை நான் அம்மாவிடம் காட்டவில்லை. மாமியிடம் கொண்டு போனேன். மாமி சொன்னால் அம்மா கேட்பாள், ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வருவாள் என்று கணக்குப் போட்டேன்.

மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“இதுல என்ன இருக்கு? நான் தினம் பார்க்கறதுதானே?”

“நான் கூப்பிடறேன் பாருங்கோ மாமி. அவ காதுல விழலை. இது வியாதி மாமி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவா. விரதம் வேண்டாம்னு மட்டும் சொல்லுங்கோ. தூங்கச் சொல்லுங்கோ. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

மாமி இரண்டாம் தடவை பார்த்தார். இந்த முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். பாராயணச் சத்தம் இல்லாமல் அந்த முகம் மட்டும் தெரிந்தது. வாய் எதையோ சப்புவது போல அசைந்தது. மாமி செல்போனை என்னிடம் நீட்டினார்.

“அபஸ்மாரமா?” என்றார், குரலைத் தாழ்த்தி. மலையாளத்தில் வலிப்புக்கு அதுதான் பெயர். “ஈஸ்வரா. நான் அவ காலைத் தொட்டேனேடி.”

“அம்மாகிட்ட மெதுவா சொல்லுங்கோ,” என்றேன்.

“எனக்குத் தெரியாதா? நீ போ.”

ஆறாம் நாள் நாங்கள் போனபோது பாய்கள் வேறு மாதிரி போட்டிருந்தன. அம்மா வழக்கம் போல முதல் வரிசைக்கு நடந்தாள். மாமி எழுந்து வந்தார்.

“நீங்கோ பின்னால சாஞ்சு உக்காருங்கோ. விளக்குப் பக்கம் வேண்டாம். உடம்பைப் பாத்துக்கணும் இல்லையா?”

அன்போடுதான் சொன்னார். அதுவரை ‘நீ’ என்று பேசியவர் அன்று ‘நீங்கோ’ என்றார். கோடி வீட்டு மருமகள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். வரிசையில் யாரோ, “நாம நமஸ்காரம் வேற பண்ணினோம்,” என்றார். அதற்கு யாரோ புடவையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்தாள். முழுவதையும் படித்தாள், ஒரு எழுத்து தப்பாமல். அன்று அவளுக்கு வரவில்லை. வந்தாலாவது நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த நினைப்பை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து, “அதைக் காட்டு,” என்றாள். செல்போனைக் கொடுத்தேன். நின்றுகொண்டே பார்த்தாள். கடைசியில் அவள் விழித்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வது வந்ததும் செல்போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

“இந்த மூஞ்சியையா அவா கும்பிட்டா?”

“அம்மா…”

“எங்கிட்ட முதல்ல காட்டியிருக்கலாம் இல்லையா? நான் என்ன, படிக்கத் தெரியாதவளா?”

நான் செல்போனை எடுத்து அணைத்தேன். “எங்கே போகணுமோ கூட்டிண்டு போ. இனிமே என்ன,” என்றாள்.

நரம்பு டாக்டர் பொறுமையானவர். தலையில் ஒயர்களை ஒட்டி ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். பிறகு என்ன கிழமை, இது எந்த இடம், கணவர் பெயர் என்ன என்று அம்மாவைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். வீட்டில் இது வரும்போது என்ன பெயர் சொல்வீர்கள் என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். நான் சொன்னேன். பாட்டுக் கேட்டு லயிப்பது போலவா என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் வேறு ஏதோ எழுதினார். “அம்மே, இது ஒரு அசுகம் மாத்ரம். பேடிக்கண்டா,” என்றார். நோய்தான், பயப்பட வேண்டாம். அம்மா கைகூப்பினாள். ஆட்டோவில் ஏறியதும், “ஒரு நிமிஷம் எதுவும் தோணாம இருந்தது. அதுவும் நோய்தானா?” என்று சாலையைப் பார்த்துக் கேட்டாள்.

மாத்திரைக்குக் கேட்டது. டாக்டர் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். தேதி, நேரம், எவ்வளவு நேரம், என்ன நடந்தது என்று நான் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அம்மா தினமும் இரண்டு வேளையும் ‘ஒண்ணும் இல்லை’ என்று எழுதுகிறாள். பக்கம் பக்கமாக அவள் கையெழுத்தில் அதுதான் இருக்கிறது.

மாமி இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். “முன்னால உக்காரு, நான் சொல்றேன்,” என்றார். “பார்க்கலாம்,” என்றாள் அம்மா. போகவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு முன் அறையில் உட்கார்ந்து தனியாகப் படிக்கிறாள். விளக்கை நான் ஏற்றி உயரத்தில் வைப்பேன். ஜன்னலைத் திறந்தால் நாலு வீடு தள்ளி அவர்கள் படிப்பது கேட்கும். அவர்களோடு சேர்ந்து தொடங்கி அவர்களோடு முடிப்பாள். அந்தச் சொல்லை இருவரும் அதற்குப் பிறகு சொன்னதில்லை. வானொலியும் வைப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் முன் அறையில் வேலையில் இருந்தேன். ஒரு பிழை மூன்று நாளாகப் பிடிபடவில்லை. நிரலை ஏழாவது முறை ஓட்டினால் மட்டும் வரும், அடுத்த முறை இருக்காது. பதிவுகளை வரிவரியாகப் பார்த்துக்கொண்டு போனேன். எங்கே மாறுகிறது என்று தெரிய ஆரம்பித்தது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அம்மா. முகம் வெளுத்திருந்தது.

“நாலு தடவை கூப்பிட்டேன். நாலு தடவைடி!”

“வேலையில இருந்தேன்மா.”

“கண்ணு தெறந்திருந்தது. வாய் அசைஞ்சுது.”

“நம்பரை வாய்க்குள்ள சொல்லிப்பேன். எப்பவும் அப்படித்தானே?”

அவள் கேட்கவில்லை. என் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். மணிக்கட்டில் பாத்திர விளிம்பின் தழும்பு தெரிந்தது.

“இன்னிக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

“இது எந்த இடம்?”

“நம்மாத்து முன் ரூம்.”

“அப்பா பேரு சொல்லு.”

சொன்னேன். அவள் விடவில்லை. “பொண்ணுக்கும் வருமான்னு அந்த டாக்டர்கிட்ட கேக்காம விட்டுட்டேனே. நாளைக்கே போகலாம்.”

“எனக்கு ஒண்ணும் இல்லைம்மா.”

“நானும் அப்படித்தானே சொன்னேன்?”

பட்டியலை எடுத்துக் காட்டலாமா என்று நினைத்தேன். முதல் வரியிலேயே, லயித்திருக்கிறவர்கள் கூப்பிட்டால் திரும்புவார்கள் என்று எழுதியிருக்கிறேன். நாலு தடவை கூப்பிட்டும் நான் திரும்பவில்லை.

“சரி, போகலாம்,” என்றேன்.

“நீ வேலையைப் பாரு. எப்பவும் போலப் பாரு,” என்று அவள் எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் செல்போனை எடுத்து, வீடியோ எப்படி எடுப்பது என்று கேட்டாள். காட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நாலு வீடு தள்ளிப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவின் புத்தகம் விளக்குக்குக் கீழே மூடியபடி இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.